பர்கிஸ் கொடுத்த கடைசி ரசீது

கிளெனிஸ் ஸ்டெபிங் இருபத்திரண்டு வருஷம் இங்கிலாந்தின் வொர்திங் ஊருக்குள் பஸ் ஓட்டியவள். பின்சீட்டில் கத்தும் குடிகாரனை, திரும்பிக்கூடப் பார்க்காமல் வாயாலேயே அடக்குவாள். அப்பேர்ப்பட்டவளுக்குக் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

கீழ்வீட்டுக்காரர் டெஸ்மண்ட் பர்கிஸுக்கு எழுபத்தொன்பது வயது. வீடும் மனையும் அவருடைய அத்தை விட்டுப்போனவை. புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் கிளெனிஸ் அந்த மாடியை வாங்கினாள். வாங்கினாள் என்றால் குத்தகைக்குத்தான். மனை அவருடையது, வருஷங்கள் மட்டும் இவளுடையவை. நூற்றிருபத்தைந்து வருஷக் குத்தகை. "அதுக்குள்ள என் மேல புல்லு முளைச்சிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். தான் வாங்கிய நாளிலிருந்துதான் கணக்கு என்று நினைத்துக்கொண்டாள் பாவி. அது எழுபத்தொன்பதாம் வருஷமே ஓடத் தொடங்கியிருந்தது.

மனை வாடகை வருஷத்துக்கு இருபத்தைந்து பவுண்டு. மார்ச் கடைசியில் ஒரு உறையில் போட்டு அவர் வாசல் மிதியடிக்கடியில் வைப்பாள். சாயங்காலம் அவள் மிதியடிக்கடியில் ரசீது இருக்கும்: 'நன்றியுடன் பெற்றுக்கொண்டேன். டி. பர்கிஸ்.' வியாழக்கிழமை தவறாமல் அவர் சமையலறையில் இருவரும் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வாயால் பேசியதில்லை. எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான். மூலநோயைப் பற்றிக்கூட மேஜையில் பேசிவிடுவோம், காசு என்றால் காது சிவந்துவிடும்.

இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடியை விற்றுவிட்டு ஸ்வான்சியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில், படியே இல்லாத ஒரு வீடு வாங்க வேண்டும். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த வக்கீல் பெண் இஃபெயோமாதான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"மிச்சம் எண்பது வருஷத்துக்குக் கீழ போச்சுன்னா, குத்தகையை நீட்டிக்க மனைக்காரருக்குக் குடுக்குற காசு எகிறிடும் மிஸஸ் ஸ்டெபிங். நீட்டிக்காம வித்தா வாங்க ஆள் வராது. ஜூன் இருபத்தி நாலோட எண்பது தாண்டிடும், அதுக்குள்ள நீட்டிக்கச் சொல்லி நோட்டீஸ் அவர் கைக்குப் போகணும்."

"சட்டமே மாறப்போகுதுன்னு பேப்பர்ல போடுறானே?"

"வருஷக்கணக்கா போட்டுக்கிட்டுத்தான் இருக்கான். அதை நம்பி உக்காந்தா உங்க ஸ்வான்சி வீடு கோவிந்தாதான். நான் தபால்ல அனுப்பிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்மா! வக்கீல் கடுதாசியைப் பார்த்தா மனுஷன் இடிஞ்சுபோயிடுவாரு. நானே கையில குடுத்துடுறேன்."

குடுத்தாளா? முதல் வியாழக்கிழமை மழையைப் பற்றிப் பேசினாள். அடுத்த வியாழன், குப்பைப் பையைக் கிழிக்கும் கடற்காகங்களைப் பற்றி. அதற்கடுத்த வாரம் அவருடைய அவரைக்கொடியைத் தின்னும் நத்தைகளைப் பற்றி முக்கால் மணி நேரம். நோட்டீஸ் கைப்பையிலேயே கசங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொடுத்தால் ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொல்லியாக வேண்டுமே, அதுதான் தொண்டையில் மாட்டிய முள்.

ஜூன் இருபது, கெடுவுக்கு முந்தைய கடைசி வியாழன். தட்டு வைத்த கையோடு உறையை எடுத்து வினிகர் பாட்டிலுக்கு அடியில் சொருகினாள். பர்கிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"போறியா?"

"முட்டி, டெஸ்மண்ட். படி ஏற முடியல."

அவர் எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு உறையை எடுத்துவந்து வைத்தார். மேலே அவள் பெயர்.

"ஏப்ரல்லயே எழுதினது. ஜூன் இருபத்தி நாலு தாண்டினா உனக்கு நஷ்டம், சீக்கிரம் வக்கீலைப் பாருன்னு. ஆறு தடவை உன் கதவு வரைக்கும் வந்து திரும்பிட்டேன்."

கிளெனிஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "அடப்பாவி மனுஷா! தேதி தெரிஞ்சும் கம்முன்னு இருந்தீங்களா? அப்புறம் வர்ற காசுக்காகவா?"

"காசா! சீ!" அவர் காது சிவந்தது. "முட்டியோட நீ படுற பாட்டுக்கு, சொன்னா வித்துட்டுப் போயிடுவ. சொல்லாட்டி உன்னால விக்க முடியாது, நீ இங்கேயே கிடப்பன்னு பார்த்தேன். கேவலமான வேலைதான்."

"கேவலந்தான்," என்றாள் அவள். பட்டாணியை முள்கரண்டியால் கொஞ்ச நேரம் குத்திக்கொண்டிருந்தாள். கோபம் போய்விட்டது. "நான் மட்டும் என்ன ஒழுங்கு? மூணு வாரமா நத்தையும் காக்காயும் பேசிட்டுப் போனவதானே. சாப்பிடுங்க, ஆறிப்போச்சு."

சாப்பிட்டு முடித்ததும் பர்கிஸ் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். நோட்டீஸ் கைக்கு வந்ததற்கு அத்தாட்சி வேண்டாமா என்று சொல்லி, தேதி போட்டு எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தார். நியாயமான விலைக்கே நீட்டித்துத் தருவதாக வக்கீலிடம் சொல்லச் சொன்னார். முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் காசுப் பேச்சு அதுதான்.

ஐந்தாவது படியில் முழங்காலுக்காக எப்போதும்போல் நின்றபோது கிளெனிஸ் சீட்டைப் பிரித்தாள். 'நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டு, 'நன்றியுடன்' என்பதை மட்டும் அடித்திருந்தார். அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.