நத்தாருக்கு வந்த வாழைப்பழம்

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் பின்னேரம், நான் வாடகைக்கு இருக்கும் லிங்கநகர் வீட்டின் சொந்தக்கார அன்ரி அயலுக்கெல்லாம் கேக் கொடுத்தார். பூப்போட்ட துணியால் மூடிய தட்டுகள் ஒவ்வொன்றாக என் யன்னலைத் தாண்டிப் போயின. ஏலக்காய் மணம் தட்டுகளுக்கு முன்னால் போனது. எல்லா வீட்டுக்கும் கொடுத்து முடிந்த பிறகு என் அறைக் கதவைத் தட்டினார். திறந்தேன். புதுத் தட்டு ஒன்றில் ஒரு சீப்பு கதலிப்பழம் இருந்தது. கடையில் ஒட்டிய ஸ்ரிக்கர்கூடத் தட்டின் விளிம்பில் அப்படியே இருந்தது.

“பிடியும் பிள்ளை. தட்டை வச்சிரும், திருப்பித் தர வேண்டாம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கதிரையில் இருந்து பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேக் வராதது பெரிய காரியமில்லை. தட்டைத் திருப்பித் தர வேண்டாம் என்றதுதான் பெரிதாகப் பட்டது.

நான் வெருகல் பக்கத்துப் பெண். குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்துத் திருகோணமலைக்கு வந்தேன். அன்ரிக்கு ஐம்பது வயதிருக்கும். பஸ் டிப்போ அலுவலகத்தில் வேலை செய்கிறார். கணவர் கப்பலில், வருடத்தில் சில கிழமைகள்தான் வீட்டில் இருப்பார். எனக்குத் தந்த பின்னறைக்கு வெளிப்பக்கமாக ஒரு வாசல் உண்டு. இன்னொரு கதவு அவர் சமைக்கும் குசினிக்குள் திறக்கும்.

தனித் தட்டு என்றால் என்னவென்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அம்மா நெல் அருவி வெட்டக் கூலிக்குப் போகும் வீடொன்றில் எங்களுக்கென்று ஒரு கோப்பை கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். குடித்துவிட்டுக் கழுவி அதே இடத்தில் கவிழ்க்க வேண்டும். சின்ன வயதில் நானும் அதில் தேத்தண்ணீர் குடித்திருக்கிறேன். விளிம்பு உடைந்த கோப்பை.

எதையும் வரிசைப்படுத்தி யோசிப்பது என் பழக்கம். அன்றும் அப்படித்தான் செய்தேன். நான் வந்த புதிதில் திறந்து கிடந்த குசினிக் கதவு சில நாட்களில் அந்தப் பக்கமாகத் தாழிடப்பட்டது. நான் அறையில் இருந்தால் குசினி யன்னலும் சாத்தப்படும். பிறகு ஒரு நாள், “இது உம்மட பாவனைக்கு” என்று புதுச் சட்டி ஒன்று என் வாசற்படிக்கு வந்தது. மழை வந்தால் கொடியில் கிடக்கும் என் உடுப்புகளை எடுத்து, தன்னுடையவற்றோடு சேர்க்காமல், என் வாசல் தாழ்வாரத்துக் கதிரையில் வைத்துவிடுவார். கேற்றடியில் பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்துக்கொண்டிருப்பவர் என்னைக் கண்டதும் கதையை நிறுத்துவார். கடைசியில் இந்த வாழைப்பழம். எல்லாம் ஒரே பக்கத்தைக் காட்டின. என் பிறப்பைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படி ஒரு முடிவுக்கு வந்த பிறகு ஒரு வீட்டில் இருப்பது எப்படியென்றால், சத்தம் போடாமல் இருக்கப் பழகிக்கொள்வதுதான். குழாயை மெதுவாகத் திறந்தேன். பாணும் பருப்பும் வாங்கி வந்து அறைக்குள்ளேயே சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்து வீதியால் தனியே நடந்தேன். உள்துறைமுகத்தில் கப்பல்கள் அசையாமல் நிற்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மான்கள் சோற்றுப் பார்சல் தாள்களை மென்றுகொண்டிருக்கும். அவற்றுக்குக்கூட ஒரு கூட்டம் இருந்தது. தொலைபேசியில் அம்மா கேட்டால், “ஓம் அம்மா, அன்ரி நல்ல ஆள்” என்பேன். அந்தக் கோப்பையிலிருந்து என்னைத் தூக்கிவிட்டதாக அம்மா நம்பிக்கொண்டிருந்தா. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழங்களில் ஒன்றைத் தின்றேன். மற்றவை கறுத்துப்போயின.

புது வருடம் பிறந்து சில கிழமைகளில் உவர்மலையில் ஓர் அறை பார்த்தேன். சின்ன அறை, யன்னல் மதிலைப் பார்த்திருந்தது. அந்த வீட்டுக்காரர் திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார். என்னிடம் முடிவு தயாராகவே இருந்தது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, வேலையில், வழக்கம்போல அமிலத்தன்மை பார்க்கும் மீற்றரைச் சரிபார்த்தேன். தெரியாத தண்ணீரை அளக்குமுன் அளவு தெரிந்த கரைசல் ஒன்றில் மீற்றரை வைத்துப் பார்க்க வேண்டும். வேறு எண்ணைக் காட்டினால் பிழை கரைசலில் இல்லை, மீற்றரில். அன்று கொஞ்சம் விலகிக் காட்டியது. திருத்திவிட்டு அடுத்த போத்தலை எடுத்தேன். மீற்றர் பிழை காட்டியதற்காக நான் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. தினமும் செய்வதுதானே. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கிணற்றுக்கட்டுக் கோப்பை பொய்யில்லை. ஆனால் அதை வைத்து அளக்கப் பழகிய நான், அந்த அளவு எல்லா வீட்டுக்கும் சரியா என்று ஒரு நாளாவது பார்த்தேனா? அன்ரிக்கு என்மீது வெறுப்பு இல்லையென்றால் நான் எதைக் கண்டிருப்பேன் என்று என்னையே கேட்டேன்.

உடுப்பு ஞாபகம் வந்தது. கதிரையில் வைத்திருந்தார், சரி. ஆனால் மடித்தல்லவா வைத்திருந்தார். போவோர் வருவோர் கண்ணில் படாமல் என் உள்ளாடைகளைத் துவாய்க்குள் சுற்றி வைத்திருந்தார். தனிக் கோப்பை வைத்திருந்த அந்த வீட்டில் எங்கள் துணியைத் தொடவே மாட்டார்கள். இத்தனை நாளும் அதை நான் வெறுப்பின் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி மாதா கோயில் பூசை முடிந்து வந்து சமைக்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். தாழிட்ட குசினிக் கதவை என் பக்கமிருந்து தட்டினேன். உள்ளே அவசரமாகச் சட்டி மூடும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது.

“என்ன பிள்ளை, தண்ணி வரேல்லையோ?”

“தண்ணி வருது அன்ரி. ஒண்டு கேக்கலாமோ?”

“கெதியாக் கேளும். மணம் வருதெல்லோ, தள்ளி நில்லும்.”

“இந்தக் கதவு ஏன் எப்பவும் பூட்டிக் கிடக்கு?”

அன்ரி என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “மீன் மணக்கும் எண்டுதான். நீர் விரதக்காரி எல்லோ!”

“என்ன விரதம்?”

“என்ன விரதமோ? வந்த புதிசில நீர்தானே சொன்னனீர், வெருகல் முருகன் கோயில்ல கொடியேறிட்டுது, மச்சம் மாமிசம் ஏலாது எண்டு.”

சொல்லியிருந்தேன். அம்மா கேட்டதற்காகச் சொன்ன விரதம். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. அடுத்த கிழமையே வேலையிடத்துக் கன்ரீனில் மீன்குழம்பு சாப்பிட்டேன்.

“அன்ரி, அது திருவிழா முடியும் மட்டும்தான். எப்பவோ முடிஞ்சுது.”

“முடிஞ்சுதோ?” அகப்பை கையில் அப்படியே நின்றது. “மாதாவே! இவ்வளவு காலமும் யன்னலைச் சாத்திப்போட்டு இதுக்குள்ள கிடந்து அவிஞ்சனான். ஒரு சொல்லுச் சொல்லப்படாதோ?”

“அப்ப அந்தப் புதுச் சட்டி?”

“என்ர சட்டியெல்லாம் மீன் ஏறின சட்டி. அதைத் தந்து உம்மட விரதத்தைக் கெடுக்கிறதோ? கேக்கும் அப்படித்தான். அவ்வளவு முட்டை அடிச்சு ஊத்தினதை உமக்கு நீட்டினா முருகன் என்னைச் சும்மா விடுவாரோ? தட்டும் புதுசு. இங்க திரும்பி வந்தா மீன்கை படும்.”

நான் நம்பாத ஒன்றை, எனக்காக, மாதக்கணக்காக இந்த மனுசி காத்து வந்திருக்கிறா. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வரிசையில் ஒன்று மிச்சமிருந்தது. அதையும் கேட்டேன்.

“கேற்றடியில நான் வரேக்க ஏன் கதையை நிப்பாட்டுறனீங்கள்?”

அன்ரி அடுப்பைத் தணித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

“உம்மைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்.”

“என்னெண்டு?”

“படிச்ச திமிர் எண்டு. ஒருத்தரையும் பாத்துச் சிரிக்கிறேல்லை, ஒரு கதை பேச்சில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லேல்லை பிள்ளை. நான்தான் சொன்னனான்.”

குசினிக்குள் பொரித்த சூடைமீனின் மணம் நிறைந்திருந்தது. அன்ரி ஒரு மீனைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். “சுடுது, ஊதித் தின்னும்,” என்றார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அறைக்கு வந்து கனநேரம் இருந்தேன். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். முழுவதும் சந்தோசமாக இருக்கவில்லை. பழைய நம்பிக்கையில் ஒரு வசதி இருந்தது. நான் தனியே இருப்பதற்குக் காரணம் அவர்கள் என்று அது சொன்னது. அது போன பிறகு, சிரிக்காத என் முகம்தான் மிச்சம். அந்த முகத்தை நான் திமிருக்காக வைத்திருக்கவில்லை, பயத்துக்காக வைத்திருந்தேன். ஆனால் கேற்றடியில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை உவர்மலை வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன், அறை வேண்டாமென்று.

குசினிக் கதவு இப்போது தாழிடப்படுவதில்லை. இருந்தும் பல நாட்கள் நான் வெளிவாசலாலேயே போய் வருகிறேன். திறந்திருக்கும் கதவுக்குள் போவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். அன்ரியின் ரேடியோ கேட்கும். போய் என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி முடிந்துவிடும்.

நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது அன்ரியும் பக்கத்து வீட்டு அக்காவும் கேற்றடியில் நின்றார்கள். என்னைக் கண்டதும் கதை நின்றது. வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். நேற்று நின்றேன்.

“என்ன அன்ரி, என்னைப் பற்றியோ?”

“உம்மைப் பற்றின கதை முடிஞ்சுது,” என்றார் அன்ரி. “இப்ப இவவின்ர மாமியைப் பற்றி.”

பக்கத்து வீட்டு அக்கா அன்ரியின் தோளில் ஒரு அடி போட்டார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

“மழை வரும் போல,” என்றேன்.

அன்ரி அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

“எங்க பிள்ளை மழை?”

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.