ஃபார்மேட் செய்தது நான், பயந்தது எஸ்தர் அக்கா

எங்கள் கல்லூரியின் எல்லாப் பிரிவுத் தகவல்களையும் வைத்திருக்கத் தனி கிளவுட் இருக்கிறது. பார்த்துக்கொள்வது நான் ஒருவன்தான்.

இன்று காலை அதில் தேர்வுப் பிரிவுக்கென்று ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு புது டிஸ்க் சேர்த்தேன். ரீஸ்டார்ட் ஆனதில் பழைய டிஸ்க்கின் பெயர் புதுசுக்கும் புதுசின் பெயர் பழையதுக்குமாக மாறிவிட்டது. அளவைக்கூடப் பார்க்காமல், எப்போதும் புதுசுக்கு வரும் பெயர்தானே என்று ஃபார்மேட் கொடுத்துவிட்டேன்.

போனது பழைய டிஸ்க். தேர்வுப் பிரிவு எஸ்தர் அக்கா ஒரு வாரமாக உட்கார்ந்து ஏற்றிய இன்டர்னல் மார்க் மொத்தமும் அதில்தான் இருந்தது. நான் பேக்கப் எடுத்துப் பத்து நாளாகிறது.

சாயங்காலம் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் அக்காவே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“தம்பி, மார்க்கெல்லாம் காணோம். நாந்தான் இன்னாத்தயோ தப்பா அமுக்கிட்டன் போலக்குது. பிரின்சிபால்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நாளைக்கு மொத பஸ்ஸுக்கே வந்து திரும்ப ஏத்திடறன்.”

“சொல்லமாட்டங்க்கா” என்றேன்.

அந்த நிம்மதியில் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பாதி கொடுத்தார். அதையும் வாங்கித் தின்றேன்.

அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் சொல்கிறேன். நாளைக்கு அதே முதல் பஸ்ஸில் நானும் ஏறுகிறேன். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் யாராவது எழுதிக் கொடுங்கள்.