உட்கார்ந்து ஆடும் ஆட்டம்

என் மகளை வகுப்பில் உட்கார வைக்க முடியவில்லை என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பியபோது அவள் மூன்றாம் வகுப்பு. எழுபதுகளின் தொடக்கம். மணவாள நகரில் அப்போது வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். ரயில் சத்தம் கேட்டால் இவள் எழுந்து ஜன்னலுக்குப் போவாளாம். பின்னாலேயே பாதி வகுப்பு போகுமாம். ரயில் வராத நேரத்தில் சும்மாவே எழுந்து நடப்பாளாம். முழுப் பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். மனிதர் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மரியாதையாகச் சொன்னார். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?

வேறு பள்ளி என்றால் ரயில் பாதையைத் தாண்டி ஊருக்குள் போகவேண்டும். என் கணவருக்கு எளாவூர் செக்போஸ்டில் வேலை, வாரம் ஒருமுறைதான் வீடு. சேதியைக் கேட்டவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "உடு, ஊட்லயே இருக்கட்டும். பொட்டப் புள்ள படிச்ச வரைக்கும் போதும்" என்றார். கெட்டவர் இல்லை. வாரம் முழுக்க லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு எந்தப் பிரச்சினையும் சட்டென்று முடிந்தால் தேவலை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். வீட்டிலேயே இருப்பது என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய துறுதுறுப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்கே கால் பரபரக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட முதல் ஆளாக எழுந்து கை கழுவப் போகிறவள் நான்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரவைத்தது சதுரங்கம் ஒன்றுதான். என் பிறந்த வீட்டில் நெல் விவசாயம். மழை பிடித்துக்கொண்டால் அண்ணன்மார் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுவார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் போகவர நின்று பார்த்து நான் கற்றுக்கொண்டேன். அதையே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். ராஜா மட்டும், செக் வாங்குவதற்கு முன்னால், ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். அந்த ஒரு தாவலுக்காகவே அவள் ஆடினாள். கடைசிவரை அதைச் செலவழிக்காமல் வைத்திருந்து, அடுத்த நகர்த்தலில் மடக்கிவிடலாம் என்று நான் நினைக்கிற நேரத்தில் தாவுவாள்.

நாங்கள் ஆடுவதைப் பார்த்தால் சதுரங்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் ஒரு காயை நகர்த்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவேன். அவள் நொண்டியடித்துக் கிணற்றைச் சுற்றிவிட்டு ஓடிவந்து, குனிந்து ஒரு காயை வைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். பலகையை விட்டுத் தள்ளி இருக்கும்போதுதான் அவளுக்கு யோசனை வரும். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

தலைமை ஆசிரியரிடம் மறுபடி கெஞ்சப் போன அன்று, வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல், வீட்டில் மணிக்கணக்காகச் சதுரங்கம் ஆடுவாள் சார் என்றேன். பொய் இல்லை. உட்கார்ந்து ஆடுவாள் என்று நான் சொல்லவில்லையே, அவராக நினைத்துக்கொண்டார்.

அவருக்குச் சதுரங்கம் தெரியாது, ஆனால் அதன்மேல் பெரிய மதிப்பு. திருவள்ளூரில் ஒரு பெரிய பள்ளியில் சிறுவர்களுக்குப் போட்டி நடக்க இருந்தது. இங்கே பீரோவில் யாரும் தொடாத பலகைகள் கிடந்தன. சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், உங்கள் பெண்ணையும் போட்டிக்கு அழைத்துப்போவோம், அங்கே ஓர் ஆட்டம் முழுக்க எழாமல் இருந்தாளானால் டி.சி. பேச்சையே விட்டுவிடுகிறேன் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. ஒரு பலகைக்கு ஆடுகிறவர்கள் இரண்டு பேர், யோசனை சொல்கிறவர்கள் எட்டுப் பேர். என் அண்ணன்மாரும் அப்படித்தான் ஆடினார்கள். வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவனை எங்கள் ஊரில் யாரும் பக்கத்தில் சேர்க்கமாட்டார்கள். நானும் பலகைக்குப் பலகை நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அந்தக் கூச்சல் பிடித்திருந்தது. தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்று, முகம் சுளித்துத் திரும்பிப் போவார்.

அவர் முகம் சுளிக்கிற ஒவ்வொரு தடவையும் வீட்டில் நான் கொஞ்சம் கடுமையானேன். மகளை மணையில் உட்காரவைத்து, எழாதபடி பாவாடை நுனியை என் காலால் மிதித்துக்கொண்டேன். உட்கார்ந்து ஆடியபோதெல்லாம் தோற்றாள். "நடந்துகினு இருந்தாத்தாம்மா எனக்குத் தெரியுது" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. காலை மட்டும் எடுக்கவில்லை.

போட்டியன்று என்னையும் தலைமை ஆசிரியரையும் வராந்தாவோடு நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், பேசக்கூடாது. எதிரே கண்ணாடி போட்ட ஒரு பையன். முதல் நகர்த்தலிலேயே அவன் சிப்பாய் இரண்டு கட்டம் போனது. ஏமாற்றுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிப் பார்த்தால் எல்லாப் பலகையிலும் அப்படித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது எங்கள் ஆட்டம் இல்லை. அவளிடம் சொல்ல வழி இல்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

என் மகள் சளைக்கவில்லை. நாற்காலி விளிம்பில் தொற்றிக்கொண்டு, ஒரு காலை ஆட்டியபடி நன்றாகத்தான் ஆடினாள். அவன் நெருக்கிக்கொண்டு வந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்ததை ஜன்னலிலிருந்தே பார்த்தேன். ராஜாவை எடுத்தாள், குதிரை மாதிரி தாவவிட்டாள்.

பையன் கையைத் தூக்கினான். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர் வந்து, அப்படி ஒரு நகர்த்தலே கிடையாது, தொட்டுவிட்டதால் ராஜாவைத்தான் வேறெங்காவது வைக்கவேண்டும் என்றார். பக்கத்துப் பலகைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், ஆசிரியர் உதட்டின்மேல் விரலை வைத்தார். அவள் ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தாள். கால் ஆடவில்லை. தோற்று முடிகிறவரை கட்டை மாதிரி அப்படியே இருந்தாள்.

"உக்காந்துட்டா பாத்தீங்களாம்மா" என்றார் தலைமை ஆசிரியர். அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். நான் அவரை அடித்திருப்பேன்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். மகள் நாலாவது போனாள். என் கணவரும் பரவாயில்லையே என்றார். புது விதிகளை நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ராஜா தாவாத ஆட்டத்தைச் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் நம்ம ஆட்டம் ஆடலாமா என்று கேட்டால், அது தப்பாட்டம் என்று சொல்லிவிட்டுப் பாடம் எழுதுவாள். ஜெயிப்பது குறைந்துபோனது. அதைப்பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கிணற்றடியில் சும்மா போய் நின்றுவிட்டு நான்தான் திரும்பி வருவேன்.

ஆடிமாதக் காற்றடித்த ஒரு சனிக்கிழமை, ரேஷன் கடை வரிசையில் மாட்டி வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். ஒரு சத்தமும் இல்லை. விடுமுறை விட்டுவிட்டார்களோ என்று எட்டிப்பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து வாய் திறக்காமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகளை லீடர் ஆக்கியிருந்தார்கள். கையில் மர ஸ்கேலோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே, சுவரைப் பார்த்தபடி, இரண்டாம் வகுப்புக் குட்டி ஒருத்தி நின்றிருந்தாள். ஏன் நிற்கிறாய் என்று கேட்டதற்கு, நடுவில் எழுந்துவிட்டதாகவும் அக்கா வெளியே போகச் சொன்னதாகவும் சொன்னாள்.

நான் கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் என் பெண்ணை வைத்துக்கொண்டது.

அந்தக் குட்டியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அவள் விட்டுவந்த பலகைக்கு எதிரில் நிறுத்தினேன். நின்றே ஆடு என்றேன். நானும் பக்கத்தில் நின்றுகொண்டேன். பிள்ளைகள் எங்களையும் என் மகளையும் மாறிமாறிப் பார்த்தார்கள். என்னை வெளியே அனுப்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, உக்காரும்மா" என்றாள், மெதுவாக. "எல்லாரும் பாக்கறாங்கோ."

நான் உட்காரவில்லை.