ஒர்த்தியா எழுப்பிய நடுச்சுவர்

செம்புப் பாத்திரம் செய்யும் கன்னார் மெர்ட்டனின் உலையிலிருந்துதான் நெருப்பு கிளம்பியது. அதை ஊரில் யாரும் மறுக்கவில்லை. அவர் மனைவி ஒர்த்தியாவும் மறுக்கவில்லை. டிரான்சில்வேனியாவின் அந்தக் கோட்டை நகரத்தில் அன்று எல்லாமே மரவீடுகள். பக்கத்துப் பக்கத்து இறவாரங்கள் உரசிக்கொண்டிருக்கும். அறுவடைக் காலத்து வறண்ட காற்றுக்கு ஒரு பொறி போதுமானதாக இருந்தது. மெர்ட்டன் பட்டறையிலேயே மாண்டார். அடுத்த வீட்டில் தொப்பி செய்து விற்கும் காலுஸின் மனைவி அக்னேத்தா மாடியில் காய்ச்சலில் கிடந்தாள். அவளால் இறங்கி வர முடியவில்லை.

மிஞ்சியது கல் வளைவு போட்ட நிலவறை ஒன்றுதான். ஒர்த்தியா தன் இரண்டு பெண்களோடு அதற்குள் மூன்று குளிர்காலங்களைக் கழித்தாள். முட்டைக்கோஸ் பீப்பாய்களுக்கு நடுவே படுக்கை. காலுஸ் தன் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார். தண்ணீர் எடுக்கப் போகும்போது எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூன்றாம் வசந்தத்தில் அவள் வீடு கட்டத் தொடங்கினாள். மனையின் அகலம் பதினான்கு முழம். நீளம் மட்டும் கோட்டை மதில் வரை போகும். காலுஸின் பக்கம் ஒன்றரை முழக் கனத்தில், நெருப்பு தாண்டாதபடி கூரைக்கு மேலும் எழும்பி நிற்கிற கல் சுவர் வேண்டும் என்றாள். அதுவும் முழுக்கத் தன் மனைக்குள்ளேயே.

கொத்தனார் சிரில் சிரித்தார். "வீடு கட்டுறீங்களா, கோட்டை கட்டுறீங்களாக்கா? பட்டறையில ரெண்டு பேரு முதுக உரசிக்கிட்டுத்தான் நிக்கணும்."

"நிக்கட்டும். அந்தப் பக்கமா, அவரு வீட்டு உத்தரத்தச் செருகக் குழியும் விட்டுடு. பதினொண்ணு."

"அவரு கேட்டாரா?"

"கேக்க மாட்டாரு. நீ விடு."

சுவர் தோள் உயரம் வந்த அன்று காலுஸ் அதன் மறுபக்கம் வந்து நின்றார். மூன்று ஆண்டுகளில் அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

"கல்லை அடுக்கிட்டா போனவ வந்துருவாளா?"

"வர மாட்டாண்ணே. எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு இந்தக் குழி? எனக்குப் பிச்சை போடுறியா?"

"பிச்சை இல்லண்ணே. உங்க வீட்டு உத்தரம் எரிஞ்சது எங்க நெருப்புல. திரும்பத் தாங்க ஒரு இடம் நான் தரணும்ல?"

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

வீடு எழுந்தது. தெருமுகத்தில் வளைவு வைத்த பட்டறை. அதன் சன்னலின் கீழ்ப்பலகையை இறக்கினால் அதுவே கடைமேடை. பின்னால் பெரிய புகைக்கூண்டின் கீழ் அடுப்படி, மாடியில் ஒரே அறை, அதற்கு மேல் தானியப் பரண். உலையை மட்டும் வீட்டோடு சேர்க்காமல் கொல்லைக் கோடியில் தனியே வைத்தாள். கைவினைஞர் சங்கத்தில் அனுமதி வாங்கி, ஒரு வேலையாளை வைத்துக் கணவரின் தொழிலை நடத்தினாள்.

ஓராண்டு அந்தக் குழிகளில் புறாக்கள் குடியிருந்தன. பிறகு ஒரு காலையில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. ஒர்த்தியா வெளியே வந்து பார்த்தாள். காலுஸ் ஏணியில் நின்று முதல் ஓக் உத்தரத்தைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"மூணாவது குழி அரை விரக்கடை எறங்கியிருக்கு. ஒன் கொத்தனாருக்குக் கண்ணு நொள்ளையா?"

"ஆப்பு வெட்டித் தர்றேண்ணே," என்றவள் உள்ளே போய், பெண்கள் பார்க்காதபடி அழுதாள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் இருவரும் ஒரே சுவரில் சாய்ந்து வாழ்ந்தார்கள். மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு முடிந்ததும் அவள் அனுப்பும் ரொட்டியை வாங்கிக்கொள்வார். தட்டை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டார்.

ஒர்த்தியா ஒரு நவம்பரில் இறந்தாள். தெருவில் ஒருவர் செத்தால் தெருக்காரர்களே குழி தோண்ட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எழுபது தாண்டியவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. காலுஸுக்கு எழுபத்திரண்டு. மண் உறைந்து கிடந்தது. மண்வெட்டியோடு வந்தவரைப் பார்த்து, "நீங்க போங்க தாத்தா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள்.

"என் உத்தரத்துக்கு எடம் விட்டவ அவ. தள்ளி நில்லுங்கடா," என்றவர், குழிக்குள் இறங்கி வெட்டத் தொடங்கினார்.