அவளே சுமந்து போன சீர்த்தட்டு

என் மருமகளுக்கு வர வேண்டிய புதுப் போனை நான் எடுத்து என் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். எழுதிப் பார்த்தால் ஒரே வரிதான். இந்த வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பல மாதங்கள் ஆயின.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே, தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறேன். மனைவி இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். மருமகள் என்னோடு இருக்கிறாள். வீட்டுக்குக் கீழே சரிவில் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செவ்வந்திப் பூ போடுகிறாள். அந்த நிலத்தைத் தேடிப் பிடித்ததும் அவள்தான், உரம் வைப்பதும் அவள்தான். ஈப்போவில் மாலை கட்டும் கடைக்காரர்களைப் பழக்கம் பிடித்ததும் அவளேதான். நான் ஒரு நாளும் அவளுக்கு வாளி தூக்கியதில்லை.

எங்கள் வீட்டுப் போன்கள் எல்லாம் ஒரே குடும்பப் பேக்கேஜில் இருக்கின்றன. கணக்கு என் பேரில். என் நம்பர், மகன் நம்பர், மருமகள் நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குறைந்த விலையில் புதுப் போன் எடுக்கும் உரிமை உண்டு. அப்கிரேட் என்பார்கள். ஒரு நம்பரின் அப்கிரேட்டை இன்னொரு நம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றச் சொல்லும் அதிகாரம் கணக்குக்காரரான எனக்கு. என் முறையை நான் ஏற்கனவே எடுத்திருந்தேன். பளபளப்பான போன். அதில் நான் பார்ப்பது செய்தியும் சாவு அறிவிப்பும்தான்.

மருமகளின் போன் மிகப் பழையது. இந்த மலையின் ஈரம் அதன் கேமராவுக்குள் இறங்கி, எடுக்கிற படத்தில் எல்லாம் பனி படிந்திருக்கும். ஆனால் அவள் வியாபாரம் முழுக்க அந்தப் படத்தில்தான் இருந்தது. காலையில் பூவைப் படம் எடுத்து அனுப்புவாள். கடைக்காரர்கள் பார்த்து, இத்தனை கட்டு என்று எழுதுவார்கள். மதியம் வெட்டி வாளிகளில் வைத்தால் சாயங்காலம் லோரி வந்து ஏற்றிக்கொண்டு இறங்கும். தன் முறை வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். துணியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, "இன்னும் கொஞ்ச நாள் தாங்குடா கண்ணா" என்று போனிடம் பேசுவாள். தீபாவளிக்கு நிறையப் பூ தருவதாகக் கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் ஈப்போவில் என் மகளின் பெண் வயதுக்கு வந்தாள். சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். தாய்மாமன் என் மகன். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்குப் பதில் நான் சீர் சேர்க்க வேண்டும், மாமன் மனைவி என்ற முறையில் மருமகள் தட்டு எடுத்துப் போக வேண்டும்.

மகள் போனில் சொன்னாள். "அப்பா, அவ அப்பா வழியில சங்கிலி போடுறாங்க. மண்டபத்துல மைக்ல வாசிப்பாங்க. நம்ம பக்கம் வெறும் சேலையும் வளையலும்னா எனக்குத்தான் தலை குனிவு. பிள்ளை ஒரே ஒரு போன்தான் கேக்குறா."

பேசி முடித்ததுமே மருமகளின் அப்கிரேட் என் நினைவுக்கு வந்தது. அவள் முறை அப்போதுதான் திறந்திருந்தது. அவளுக்கு அது தெரியாது. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்த அறிவிப்பு எனக்குத்தான் வந்தது.

தோட்டத்தில் நான் இப்படித்தான் வேலை பார்த்தேன். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் வரும். ஒன்று குறைந்தால், மருத்துவ லீவில் இருப்பவளின் பங்கை எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன். யாரையும் கேட்டதில்லை. அவள் வீட்டில்தானே இருக்கிறாள், அவளுக்கு இப்போது எதற்கு என்பது என் நியாயம். குடும்பம் என்றால் ஒரே பேர், அந்தப் பேருக்குள் யாருக்கு எது என்று மேலே இருப்பவன் முடிவு செய்வான். அந்தப் புத்தியை நான் ஓய்வு பெற்றபோது ஆபீசில் விட்டுவிட்டு வரவில்லை.

ஒரு தடங்கல் இருந்தது. உரிமையை விட்டுக்கொடுக்கும் நம்பருக்கு ஒரு குறியீட்டு எண் வரும், அதைச் சொன்னால்தான் மாற்ற முடியும் என்று போன் கம்பெனியில் சொன்னார்கள். காலையில் மருமகளிடம் போனேன்.

"என் போன்ல சார்ஜ் இல்லம்மா. டவுன் வரைக்கும் போகணும். உன்னுதக் கொடு."

"படம் அனுப்பிட்டுத் தர்றேன் மாமா. இவன் மெதுவாத்தான் அனுப்புவான், கிழவன்" என்று போனைத் தட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களச் சொல்லல" என்று சிரித்தாள். அனுப்பி முடித்ததும் சேலைத் தலைப்பில் துடைத்து என் கையில் வைத்தாள்.

என் போனில் சார்ஜ் நிறைய இருந்தது.

தானா ராத்தா டவுனில் போன் கடைக் கவுண்டரில் இருந்த பெண் தமிழ்ப் பெண். "அங்கிள், இந்த நம்பர்காரங்ககிட்டக் கேட்டுட்டீங்களா?" என்றாள்.

"எல்லாம் ஒரே குடும்பம்தான்மா."

எண் வந்தது. சொன்னேன். அப்கிரேட் என் நம்பருக்கு மாறியது. போனை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது, அவள் போனுக்கு வந்த அந்தச் செய்தியை அழித்தேன். இதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். அதை அழிக்கத் தெரிந்த எனக்கு, செய்வது திருட்டு என்றும் தெரிந்திருந்தது.

சடங்கு நாளில் தட்டுகளை அவள்தான் அடுக்கினாள். தங்கக் காகிதம் சுற்றிய பெட்டியைப் பார்த்து, "இது என்னா மாமா?" என்றாள். "பிள்ளைக்கு ஒரு பரிசு" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. தன் தோட்டத்தில் நல்லதாகப் பார்த்து வெட்டி வந்த மஞ்சள் செவ்வந்தியை அந்தப் பெட்டியைச் சுற்றி வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். ஒரு பூவை மாற்றி வைத்தாள். பழைய போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

மண்டப வாசலில் மகளின் மாமியார் வீட்டுப் பெண்கள் கேலியை ஆரம்பித்தார்கள். "என்னடி, மாமன் வரல, மாமன் பொண்டாட்டி மட்டும் வந்துட்டா?"

"மாமன் வீடியோ கால்ல வருவாருலா! அதுலயே மாலையும் போடுவாரு" என்றாள் இன்னொருத்தி.

மருமகள் மகனைக் கூப்பிட்டாள். அவன் அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க இருக்கே? ஈப்போவுலயும் பனியா? ஒண்ணுமே தெரியலலா" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "கேமரன் பனிய கூடவே கட்டிக்கிட்டு வந்துட்டா!" என்றாள் ஒருத்தி. மருமகளும் சிரித்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். மைக்கில் மாமன் சீர் என்று வாசித்தார்கள். போன் என்றதும் கைதட்டினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தீபாவளி நெருங்கியபோது அவள் போனில் படம் அனுப்பும் செயலி திறக்க மறுத்தது. போன் பழையது, இனி இதில் வேலை செய்யாது என்று காட்டியது. அவள் பதறவில்லை. முறை வந்திருக்கும் என்று சந்தோஷமாகவே தானா ராத்தாவுக்குப் போனாள். அன்று கவுண்டரில் இருந்தது வேறு பெண். உங்கள் நம்பரின் அப்கிரேட் முடிந்துவிட்டது, அடுத்தது இரண்டு வருடம் கழித்துத்தான் என்று அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. "யாரோ தப்பா ஏத்திட்டாங்க மாமா. உங்க பேர்லதானே கணக்கு, நீங்க பேசினா கேப்பாங்க."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே ஏதாவது ஒரு போனைத் தேடி வாங்கியிருப்பாள். நானே என் போனை அவள் கையில் கொடுத்திருக்கலாம். "கம்பெனி தப்புதான். நான் பேசுறேன். நாளைக்குள்ள சரி பண்ணிடுவாங்க" என்றேன்.

அடுத்த நாள் கேட்டாள். பேசியிருக்கிறேன் என்றேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். என் பேச்சை நம்பி அவள் காத்திருந்தாள். அந்த வாரம்தான் தீபாவளிப் பூ வெட்டும் வாரம். கடைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினாள். "படம் பாக்காம எப்படிம்மா எடுக்கிறது? மேல ஒரே மழைன்றாங்க. பூ அழுகிக் கிடந்தா நான் என்னா செய்றது?" என்றார்கள். கியா பார்ம் பக்கத்தில் வேறு ஆட்களிடம் எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய பூ மலர்ந்து, விரிந்து, கூரைக்கு அடியிலேயே தலை தொங்கியது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நான் ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

பொறுக்க முடியாமல் அவள் மறுபடி கடைக்குப் போனாள். இந்த முறை கவுண்டரில் அந்தத் தமிழ்ப் பெண் இருந்தாள். உங்கள் மாமனார்தானே உங்கள் போனோடு வந்து மாற்றினார் என்று சொல்லியிருக்கிறாள்.

மருமகள் வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். கதவருகே நின்று, மெதுவாக, "மாமா, என் போனா நான் தூக்கிட்டுப் போன தட்டுல இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"நான் பூ வேற வச்சேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மகளுக்கு விஷயம் தெரிந்ததும் அழுதாள். பேத்தியிடமிருந்து போனை வாங்கி அனுப்புகிறேன் என்றாள். மருமகள் ஒப்புக்கொள்ளவில்லை. "வேணாம் அண்ணி. சபையில வச்ச மாமன் சீரைத் திருப்பி வாங்கினா பிள்ளைக்கு நல்லதில்ல. அவளுக்கு எதுவும் தெரிய வேணாம்." மகன் என்னிடம், "சின்ன விஷயம்லாப்பா, நான் வேற வாங்கித் தர்றேன்" என்றான். அவள் அதையும் வேண்டாம் என்றாள். என் போனை எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன். "அது உங்க போன் மாமா" என்று தள்ளி வைத்தாள்.

பிரிஞ்சாங்கில் சாதாரண போன் ஒன்றும் புது நம்பரும் வாங்கி வந்தாள். பழைய நம்பரை அதில் போட்டுக்கொள்ளலாமே, கடைக்காரர்களுக்கு எல்லாம் அதுதானே தெரியும் என்று கேட்டேன்.

"உங்க பேர்ல இருக்குற நம்பர் எனக்கு வேணாம் மாமா. நாளைக்கு அதையும் யாருக்காவது கொடுத்துட்டா?"

அப்கிரேட் ஒப்பந்தம் முடிகிற வரை அந்த நம்பரை என் கணக்கிலிருந்து பிரிக்கவும் முடியாது. பழைய போனை என் மேசையில் வைத்தாள். அதன் முதுகில் ஒரு ஒட்டுத்தாள், அதில் அவளுடைய புது நம்பர். "யாராச்சும் கேட்டா சொல்லுங்க." குத்தகை நிலத்தில் பாதியை விட்டுவிட்டாள். காலையில் எனக்குச் சாப்பாடு எடுத்து வைப்பாள். என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்தப் போன் காலையில் எப்போதாவது அடிக்கும். நான் எடுப்பேன். நம்பர் மாறிவிட்டது என்று சொல்லி ஒட்டுத்தாளைப் படிப்பேன். சிலர் குறித்துக்கொள்வார்கள், சிலர் பாதியில் வைத்துவிடுவார்கள். ஏன் மாறியது என்று யாரும் கேட்டதில்லை. கேட்காதது எனக்கும் வசதியாக இருந்தது.

போன வாரம் ஒரு கடைக்காரர் கூப்பிட்டார். கரகரத்த குரல்.

"பூக்காரம்மா இல்லியா?"

"நான் அவங்க மாமனார்."

"அப்படியா. என்னாங்க, உங்க மருமக தீபாவளிக்குத் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டுக் கைய விட்டுட்டாங்களே. நம்பி இருந்தேன்லா. வாக்குக் கொடுக்கத் தெரியுது, காப்பாத்தத் தெரியல."

நம்பரைப் படிக்கப் போனைத் திருப்பியவன் நின்றுவிட்டேன். என் மருமகளைப் பற்றி ஊரில் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவங்க மேல தப்பில்லங்க" என்றேன். "அவங்களுக்கு வர வேண்டிய போனை நான் அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டேன். கேட்டப்ப கம்பெனி தப்புன்னு பொய் சொன்னேன். அதனாலதான் உங்களுக்குப் படம் வரல. பூ நல்லாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ நார் கிழித்துக்கொண்டிருக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"பெரிய மனுசன், நீங்க இப்படிச் செய்யலாமா?" என்றார்.

"செஞ்சிருக்கக் கூடாது."

"சரி. நம்பரச் சொல்லுங்க."

ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். வைத்துவிட்டார்.

சிறிது நேரத்தில் கீழே பிளாஸ்டிக் கூரைக்குள்ளிருந்து போன் அடிக்கும் சத்தம் பனியில் மேலேறி வந்தது. நீண்ட நேரம் அடித்தது. அவள் கையில் மண் இருந்திருக்கும். பிறகு நின்றது. அவள் எடுத்தாளா, அவர் வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை. போய்க் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

மதியம் அவள் வாளி எடுக்க மேலே வந்தாள். வழக்கமாக எடுக்கும் வாளிகளோடு, தீபாவளியிலிருந்து கவிழ்த்தே வைத்திருந்த இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது என் மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தப் பழைய போனுக்கு சார்ஜ் போட்டு வைங்க மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.