எண் போட்ட மேடை

எம்.எஸ்.டபிள்யூ. படித்துக்கொண்டிருந்தபோது எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. லாபத்தில் ஒரு பங்கை ஊர் நலனுக்குச் செலவிடுகிற சிஎஸ்ஆர் பிரிவு. கடைசியில் ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் திருவொற்றியூர்க்காரி. அந்தக் கம்பெனிச் சங்கைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன். எனக்கில்லாத வேலை வேறு யாருக்கு என்றுதான் இருந்தேன்.

என்னோடு வந்த இன்னொருத்தி பெங்களூரில் எம்.பி.ஏ. படிப்பவள். விம்கோ நகர் வரை மெட்ரோ, அங்கிருந்து கம்பெனி கார். நான் ஷேர் ஆட்டோ. வேலைக்காக நாங்கள் போன மீனவர் குப்பத்தில் மீன் வாடைக்கு அவள் மூக்கைப் பொத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பொத்தவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லாரையும் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று கூப்பிட்டுச் சிரித்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லாதவளைப் பார்த்தால் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்குக் கம்பெனி கொட்டகை கட்டிக் கொடுத்திருந்தது. டைல்ஸ் போட்ட மேடை, குழாய், ஃபேன். அது எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. அம்மா பிறந்தது அதற்கு அடுத்த குப்பம் என்பதால் அந்தப் பெண்களில் பாதிப் பேர் எனக்கு அத்தை, சித்தி முறை. போன உடனே பெங்களூர்க்காரிக்கு நாற்காலி வரும், கூல்டிரிங்ஸ் வரும், தட்டில் வறுத்த இறால் வரும். "சாப்புடு கண்ணு, எளச்சுப் போய்கீற" என்பார்கள். எனக்கு வருவது வேறு.

"இன்னாடி, மரம் மாரி நின்னுகினு கீற? அந்தக் கொடத்த எடுத்தாந்து வை."

இதைச் சொல்வது என் அத்தை. நான் குடத்தைத் தூக்குவேன், பெங்களூர்க்காரி இறால் தின்பாள்.

கொட்டகையில் யாரும் உட்காருவதில்லை என்பது எனக்கு முதல் வாரமே தெரியும். அங்கே இடம் தினமும் மாறும். ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு முதலில் வருகிறவள் பஸ் ஸ்டாப்பை ஒட்டி உட்காருவாள், அடுத்து வருகிறவள் அவளுக்குப் பக்கத்தில். இன்றைக்குக் கோடியில் உட்கார்ந்தவள் நாளைக்கு முந்திக்கொள்ளலாம். கம்பெனியோ மேடையில் பெயின்ட்டால் எண் எழுதி ஆளுக்கொரு இடம் என்று ஒதுக்கிவிட்டது. வாசல் எண்காரிக்குத் தினமும் வியாபாரம், கோடி எண்காரிக்குத் தினமும் ஈ. எதற்கு வம்பு என்று எல்லாரும் பழையபடி ரோட்டோரத்துக்கே போய்விட்டார்கள்.

என்னிடம் இதை வாய் ஓயாமல் திட்டினார்கள். அவள் கேட்டால், "எல்லாம் சூப்பரா கீது மேடம்." விருந்தாளியிடம் குறை சொல்கிற வழக்கம் அங்கே இல்லை.

ஆபீஸ் மீட்டிங்கில் அவள் சிரித்த முகங்களாகப் படம் காட்டினாள். நான் எழுந்து, கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது, எண்ணை அழித்தால் உட்காருவார்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "கொஞ்சம் பாசிட்டிவா பாருங்கம்மா," என்றார் மேனேஜர். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

கடைசி வாரம் பெரிய அதிகாரிகள் குப்பத்துக்கு வந்தார்கள். இன்றைக்கு அவர்களே கண்ணால் பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பார்த்தார்கள். அத்தனை பெண்களும் நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, அவரவர் எண்ணில் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் ஓடியது. வாசல் எண்ணில் என் அத்தை.

அதிகாரிகள் காரில் ஏறியதும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு உள்ள போய் உக்காந்த?"

"அந்தப் பொண்ணு நேத்து வந்து ஆசையா கேட்டுச்சுடி. எங்கேர்ந்தோ வந்துகீது, பாவம். அதுக்கு வேல கெடைக்கணும்ல?"

"அப்ப எனக்கு?"

"உனுக்கு இன்னா, நீ நம்ம பொண்ணு. இது இல்லாங்காட்டி வேற கெடைக்கும்."

உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். என் விஷயத்தில் விற்கக் கொண்டுபோனவர்களே வேறு மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்கள். வேலை அவளுக்குத்தான். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நான் பார்த்த பார்வையில் அது கருகியிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அத்தை வரச் சொன்னாள். போனால், எல்லாரும் ரோட்டோர வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த நம்பர அழிக்கச் சொல்லணும்டி. உன் போன்ல அந்தப் பொண்ணு நம்பர் கீதுல்ல? போட்டுக் குடு. அதான இப்போ ஆபீசரு."

போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன். அத்தை வாயெல்லாம் பல்லாக, "எப்டி கீற மேடம்? இங்க எல்லாம் சூப்பரா கீது மேடம்," என்றாள். சொல்லிவிட்டு போனை என் கையில் திணித்து, நீ சொல்லு என்று கண்ணைக் காட்டினாள்.

சொன்னேன். அன்று மீட்டிங்கில் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.

"அன்னைக்கு நீ பொறாமையில பேசறேன்னு நினைச்சேன்," என்றாள் அந்தப் பக்கமிருந்து.

"பொறாமையிலதான் பேசினேன். ஆனா நிஜத்தைத்தான் பேசினேன்."

அவள் பதில் சொல்வதற்குள் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத வுடு கண்ணு. நீ சாப்ட்டியா?"

காலையிலிருந்து நான் அங்கேதான் நின்றிருந்தேன். என்னை யாரும் அதைக் கேட்கவில்லை.