யன்னலுக்குள் இறுகிய சோறு

பிள்ளைகளே, என் சாமான் பையின் அடியில் கிடக்கும் கறுப்புக் கட்டியைக் கல் என்று நினைத்து நேற்று வெளியே எறியப் பார்த்தீர்கள். அது கல் இல்லை, சோறு. வெள்ளவத்தையில் ஒரு நாலாம் மாடி வீட்டு யன்னலுக்குள் இருந்து நானே குத்தி எடுத்த சோறு. ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். உங்கள் அம்மாவுக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதித் தருகிறேன்.

அந்த வீட்டுக்காரரைப் பிரக்கிராசியார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் பேசி ஓய்வு பெற்றவர். வழக்குத்தான் ஓய்ந்தது, பேச்சு ஓயவில்லை. கடலுக்குக் கிட்ட உள்ள பழைய தொடர்மாடி அது. பல்கனியை எப்போதோ தள்ளித் திறக்கும் அலுமினிய யன்னல் போட்டு அடைத்திருந்தார்கள். உப்புக் காற்றில் இந்த மாதிரி யன்னல்களின் அடியில் உருளும் சில்லுகள் இறுகுவது எனக்குப் புதிதில்லை, என் பிழைப்பே அதுதான். ஆனால் அன்று தொலைபேசியில் அவருடைய குரல், யாரோ உள்ளே அகப்பட்டுக்கொண்டது போல இருந்தது.

போய்ப் பார்த்தால் அகப்பட்டவர் அவரேதான். அன்று புரட்டாதிக் கடைசிச் சனி. காகத்துக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் விரதகாரர் வாயில் எதையும் வைக்கலாம். மாடி வீட்டில் முற்றம் ஏது? அந்த யன்னல்தான் முற்றம். அது திறக்கவில்லை. வெளியே ஏசிப் பெட்டியின் மேல் காகம். உள்ளே வாழையிலைத் துண்டில் எள்ளுச் சோற்று உருண்டையோடு பிரக்கிராசியார். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி இரண்டாகிவிட்டது.

“இஞ்சேருங்கோ, அடுப்படி யன்னலால வைக்கலாம்தானே?” என்றார் அவருடைய மனைவி.

“அந்தப் பக்கம் வாறது வேற காகம். இவர்தான் எங்கட ஆள்.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “தம்பி, இவருக்குச் சீனி வருத்தம். காலமை தொடக்கம் வெறும் வயிறு. கெதியாப் பாரும்.”

நான் பையை யன்னல் கட்டின் மேல் வைத்துத் திறந்தேன். சில்லுப் போய்விட்டது என்று பெரிய கெட்டிக்காரன் போலச் சொல்லி எண்ணெய் அடித்தேன். யன்னல் அசையவில்லை. பிறகு திருப்புளியால் சில்லு ஓடும் பள்ளத்தைக் கிண்டினேன். கட்டி கட்டியாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தேன்.

“ஐயா, இது சோறு.”

“என்ன சோறு?”

“நீங்க காகத்துக்கு வைக்கிற சோறுதான். சனிக்குச் சனி சிந்தி, எண்ணெயும் உப்புக் காத்தும் சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகிப் போச்சு.”

அவருக்குப் பசி பறந்துவிட்டது. வழக்கு ஒன்று கிடைத்துவிட்டதல்லவா? “எங்கட ஆள் ஒரு பருக்கை மிச்சம் விடமாட்டார். சிந்தினது நான் எண்டதுக்கு என்ன ஆதாரம்?”

கட்டியைத் திருப்பிக் காட்டினேன். நடுவில் மூன்று எள்ளு, சட்டைப் பொத்தான் போல வரிசையாக இருந்தன. அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, “வழக்கு முடிஞ்சுது. நீர் குத்தும் தம்பி” என்றார்.

அந்தக் கட்டியைப் பைக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தையும் குத்தி முடித்து, கண்ணாடியை இரண்டு கையாலும் சற்றுத் தூக்கித் தள்ளினேன். நின்ற ரயில் திடீரென்று புறப்பட்டது போல ஓடி, மறுபக்கத்தில் மோதியது. அந்தச் சத்தத்தில் காகம் பறந்து போய்விட்டது.

சோற்று உருண்டையை இலையோடு என் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூன்று பேரும் தலையை வெளியே நீட்டி, “கா, கா” என்று கத்தினோம். கீழ்வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தொண்டை காய்ந்த பிறகு ஒருவழியாகக் காகம் வந்தது. இலையைப் பார்த்தது, உருண்டையைப் பார்த்தது. பிறகு என் பைக்குள் தலையை விட்டு, கடதாசியைக் கிழித்து, என் மத்தியானச் சாப்பாட்டை வெளியே இழுத்தது. மாலு பாண்! புரட்டாதிச் சனியன்று, விரத வீட்டில், பாணுக்குள் மீன்! எனக்குக் காது இரண்டும் சுட்டன. இனி இந்த வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்தேன். காகமோ பாணை விட்டுவிட்டு, உள்ளே இருந்த மீனை மட்டும் தோண்டித் தோண்டித் தின்றது.

பிரக்கிராசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சியை விசாரிப்பது போல என் பக்கம் திரும்பினார்.

“காகம் சாப்பிட்டதா?”

“சாப்பிட்டது ஐயா. ஆனா...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். சாப்பிட்டதா?”

“சாப்பிட்டது.”

“காகம் சாப்பிட வேணும் எண்டுதான் இருக்கு. என்ன கறியோட எண்டு எங்கயும் இல்லை.” மனைவி பக்கம் திரும்பினார். “இலையைப் போடும். தம்பிக்கும் சேர்த்து. இண்டைக்குப் படைச்சது அவர்தானே.”

தன் இலை வெறுமையாகக் கிடக்க, முதல் அகப்பைச் சோற்றை என் இலையில்தான் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும், இனி உள்ளே சிந்தாமல் இருக்க, யன்னலுக்கு வெளியே ஒரு தகரத் தட்டைப் பூட்டிக் கொடுத்தேன்.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் கனடாவில் மகளோடு இருக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன் யன்னல்களைப் பார்க்கச் சொல்லி, போன மாதம் ஆள் மூலம் எனக்குச் சாவியைக் கொடுத்தனுப்பினார்கள். வெறும் வீடு. அந்த யன்னல் ஒரு விரலுக்கே திறந்தது. ஏசிப் பெட்டியின் மேல் ஒரு காகம் இருந்தது. அதே காகம்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இந்தச் சோற்றுக் கட்டியைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு கொத்துக் கொத்திவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தது. கட்டியை எடுத்துப் பைக்குள் போட்டேன். முன்கதவு சாத்தியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, மெதுவாக “கா” என்றேன். மாலு பாணைப் பிய்த்து, மீன் பக்கத்தைத் தட்டில் வைத்தேன். அது கொத்தும் வரை நின்றேன். பிறகுதான் வெறும் பாணை வாயில் வைத்தேன்.